பிரபலங்களின் பால்ரூம் ஆட்டம்: மதிப்பெண் யாருடைய காலுக்கு?

15 டிசம்பர் 2024, வாசகர் ஒருவரின் கருத்து

"பிரபலங்கள் தொழில்முறைக் கலைஞர்களோடு இணைந்து ஆடும் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் போட்டியான ஸ்டிரிக்ட்லி கம் டான்சிங்கின் நேற்றைய இறுதிச் சுற்றில் கிறிஸ் மெக்காஸ்லண்ட் கோப்பையை வென்றதை நடனத்தின் வெற்றி என்று என்னால் ஏற்க முடியவில்லை. தொடர் முழுவதும் நடுவர்களிடம் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர் டாஷா கௌரி. பார்வையற்ற ஒருவர் ஆடுகிறார் என்ற நெகிழ்ச்சியில் மக்கள் வாக்கைப் போட்டுவிட்டார்கள். நடனப் போட்டியில் நடனத்துக்குத்தானே பரிசு கொடுக்க வேண்டும்?"

15 டிசம்பர் 2024, இரவு

நெகிழ்ச்சி இருந்தது என்பதை மறுக்கவில்லை, எனக்கும் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

நான் ஒவ்வோர் ஆட்டத்தையும் இரண்டு முறை பார்ப்பேன். முதல் முறை எல்லோரையும் போல. இரண்டாம் முறை ஒலியை அடைத்துவிட்டு, பிரபலத்தின் இடுப்புக்குக் கீழே மட்டும். பாட்டும் கைதட்டலும் இல்லாமல் பார்க்கும்போது, ஏறத்தாழ ஒன்றரை நிமிட ஆட்டத்தில் பிரபலம் தன் காலில் தானே நின்றது எவ்வளவு நேரம், தொழில்முறைக் கலைஞர் அவரைத் தாங்கியும் திருப்பியும் காப்பாற்றியது எவ்வளவு நேரம் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். அரங்கமே எழுந்து நின்று கைதட்டிய சில ஆட்டங்களில், பிரபலம் நடுவில் தூண் போல நிற்க, கலைஞர் அவரைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

மூன்று எண்ணிக்கையில் ஆடும் வால்ட்ஸ் நடனத்தை மெக்காஸ்லண்ட் ஆடியதை அப்படித்தான் பார்த்தேன். உடல் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு முழுவதுமாக மாறுகிறது. மூன்றாம் எண்ணிக்கையின் முடிவில் உடல் அவசரமின்றி இறங்குகிறது. அவருடன் ஆடிய கலைஞர் டயான் பஸ்வெல் அவரை இழுத்துக்கொண்டு போகவில்லை. இதற்கு வாக்களித்தவர்கள் அனுதாபத்துக்கு மட்டும் வாக்களித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

16 டிசம்பர் 2024

இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. என் உடம்பில் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். நாற்பது வயதுக்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் பால்ரூம் வகுப்புக்குப் போனேன். ஆறாவது மாதத்தில் ஒரு மாலை, வால்ட்ஸின் வலப்பக்கத் திருப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடச் சொன்னார் ஆசிரியர். முதல் அடி வைத்தவுடனே என் தோள்கள் காதுவரை ஏறிக்கொண்டன, முழங்கால்கள் விறைத்துவிட்டன, அடி பாதியாகச் சுருங்கிவிட்டது. யாரும் என் மீது மோதப் போவதில்லை, தரை சமமாகத்தான் இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. பார்வை போனவுடன் மனித உடல் முதலில் கைவிடுவது முன்வைக்கும் அடியின் நீளத்தைத்தான்.

அன்று இன்னொன்றும் புரிந்தது. பால்ரூம் பிடியில் ஆணின் வலது கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கும்; பெண்ணின் இடது கை ஆணின் மேற்கையின் மீது படிந்திருக்கும். அந்தச் சட்டகம் தளராமல் இருந்தால் எந்தப் பக்கம் திரும்புகிறோம், எங்கே எடை இருக்கிறது, எப்போது இறங்குகிறோம் என்ற செய்தியெல்லாம் அதன் வழியாகவே வந்துவிடும். பெண் பாதி நேரம் பின்னோக்கித்தான் ஆடுகிறாள்; போகும் திசையை அவள் பார்ப்பதே இல்லை. ஆகவே மூடிய பிடியில் ஆடும் நடனங்களில் பார்வையின்மையை ஓரளவு ஈடுகட்ட முடியும். உண்மையான சோதனை சா-சா-சா, சாம்பா, ரும்பா, ஜைவ் போன்ற லத்தீன் நடனங்களில் வருகிறது. அங்கே பிடி விட்டுப் போகும், தனியாகச் சுழல வேண்டும், சுழன்று முடித்தவுடன் துணை எங்கே நிற்கிறார் என்று தெரிந்து கையை நீட்ட வேண்டும். மெக்காஸ்லண்டின் ஆட்டத்தை மதிப்பிட விரும்புகிறவர்கள் வால்ட்ஸைவிட அந்த நொடிகளைப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஓர் அசைவைக் கண்ணால் ஒரு முறைகூடக் காணாமல், சொல்லாலும் தொடுதலாலும் மட்டுமே கற்றுக்கொண்டு, அதை வாராவாரம் நேரலையில் ஆடிக் காட்டுவது என்பதை நினைத்தாலே எனக்கு அந்த மாலை நினைவுக்கு வந்துவிடுகிறது.

17 டிசம்பர் 2024

நேற்றைய குறிப்பில் ஒரு விடுபடல். பிடியின் வழியாக ஆண் தரும் செய்தியைப் பெண் வாங்கிக்கொள்கிறாள் என்ற பொருள் வரும்படி எழுதிவிட்டேன். பிரபலம் ஆணாக இருக்கும்போது நடப்பது வேறு. பெயருக்கு அவர் வழிநடத்துவார். பின்னோக்கிப் போய்க்கொண்டே அவரை வழிநடத்துவது கலைஞர்தான். மதிப்பீடு எழுதுகிறவர் கண்டுபிடிக்க வேண்டிய முதல் விஷயம் இதுவே. பெண்ணின் உடல் ஆணின் உடலுக்கு ஒரு கணம் முன்பே திரும்பத் தொடங்கினால், அங்கே வழிநடத்துகிறவர் கலைஞர். பிரபலத்தின் மார்பும் காலும் சேர்ந்து முதலில் புறப்பட்டால், அந்த இடத்தில் அவர் உண்மையாகவே ஆடுகிறார்.

22 டிசம்பர் 2024

முன்பே நடனப் பயிற்சி பெற்றவர்களையும் எதுவும் தெரியாமல் வந்தவர்களையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நிறுத்தலாம், ஆனால் தராசு எதை நிறுக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

டாஷா கௌரி பயிற்சி பெற்றவர் என்பதை அவர் மீதான குற்றச்சாட்டாகவே தொடர் முழுவதும் பலர் சொல்லி வந்தார்கள். அக்டோபரில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். இப்போது அந்தக் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். மேடை நடனம் கற்றவர்களுக்குத் தாளமும் நினைவாற்றலும் முகபாவமும் கையோடு வந்துவிடும், உண்மைதான். ஆனால் அவர்கள் தனியாக நின்று பார்வையாளரை நோக்கி ஆடிப் பழகியவர்கள். பால்ரூமில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே நடுப்புள்ளியைச் சுமக்க வேண்டும். பார்வையாளரை நோக்கித் திரும்பிய கணமே சட்டகம் உடைந்துவிடும். தெரிந்த ஒன்றை மறப்பது தெரியாத ஒன்றைக் கற்பதைவிடக் கடினமாக இருக்கலாம். எங்கள் வகுப்பில் மேடை நடனம் தெரிந்த ஓர் இளைஞர் இருந்தார். சா-சா-சாவை ஒரே வாரத்தில் பிடித்துவிட்டார். நழுவி நடக்கும் பால்ரூம் நடனமான ஃபாக்ஸ்ட்ராட்டில் குதிகாலை முன்வைக்க அவருக்கு நான்கு மாதங்கள் ஆயின. கால் தானாகவே விரல்நுனியைத்தான் முன்னே நீட்டும்.

டாஷா கௌரி காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்திக்கொண்டு ஆடியவர் என்பதையும் அனுதாப வாதம் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அனுதாபம்தான் வாக்காக மாறுகிறது என்றால் அது ஏன் ஒருவருக்கு மட்டும் மாற வேண்டும்?

23 டிசம்பர் 2024

கெல்வின் பிளெட்சர் 2019இல் இதே நிகழ்ச்சியில் இன்னொருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர். முதல் வாரத்திலேயே தொழில்முறைக் கலைஞர் ஓட்டி மபூசேயுடன் சாம்பா ஆடி 40க்கு 32 வாங்கினார். சாம்பாவின் உயிர் முழங்காலிலும் கணுக்காலிலும் இருந்து எழும் அந்தத் துள்ளல். பல பிரபலங்களுக்குப் பத்தாவது வாரத்திலும் அது வருவதில்லை. அவருக்கு முதல் வாரத்திலேயே வந்தது. கடைசியில் அவரே வென்றார். அடுத்த ஆண்டு அதே ஓட்டி மபூசே, 55 வயதான பில் பெய்லியுடன் கோப்பையை வென்றார். முன்னவரிடம் கொடை, பின்னவரிடம் வளர்ச்சி. இரண்டையும் வெளிக்கொண்டுவந்தவர் ஒருவரே என்பதால், கலைஞரின் பங்கைக் கழித்துவிட்டுப் பிரபலத்தை மட்டும் மதிப்பிடும் என் முறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

29 டிசம்பர் 2024

"நடுவர்களின் மதிப்பெண்ணே முடிவாக இருக்கட்டும்" என்ற முதல் வாதத்துக்கு வருகிறேன். மதிப்பெண்ணும் வாக்கும் எப்படிச் சேர்க்கப்படுகின்றன என்பது பலருக்கும் தெரியாததால் பாதிச் சண்டை வீணாகப் போகிறது.

பிரிட்டிஷ் நிகழ்ச்சியில் நான்கு நடுவர்கள், ஆளுக்குப் பத்து, மொத்தம் 40. ஆனால் அந்த எண்ணிக்கை அப்படியே கணக்கில் சேர்வதில்லை. இணைகளை வரிசைப்படுத்தி, வரிசைக்கு ஏற்பப் புள்ளி கொடுக்கிறார்கள். மக்கள் வாக்குக்கும் அதே போல வரிசைப் புள்ளி. இரண்டையும் கூட்டிக் கடைசி இரண்டு இடங்களுக்கு வருகிறவர்கள் மறு ஆட்டம் ஆட, நடுவர்கள் ஒருவரைக் காப்பாற்றுவார்கள். இதனால் 39க்கும் 38க்கும் இடையே உள்ள தூரமும் 38க்கும் 20க்கும் இடையே உள்ள தூரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஒருவர் எவ்வளவு சிறப்பாக ஆடினார் என்பது அழிந்து, யாருக்கு முன்னால் நின்றார் என்பது மட்டும் மிஞ்சுகிறது.

2008 அரையிறுதி இதற்கு நல்ல சான்று. மூன்று இணைகள். ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்னோடனும் சம மதிப்பெண்ணுடன் முதலிடம். இருவருக்கும் தலா 3 புள்ளி. டாம் சேம்பர்ஸுக்கு 2 புள்ளி. மக்கள் எவ்வளவு வாக்களித்தாலும் அவரால் மறு ஆட்டத்திலிருந்து தப்பவே முடியாது என்ற நிலை நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதுதான் தெரியவந்தது. அவருக்காகத் தொலைபேசியில் அழைத்தவர்களின் வாக்குக்குப் பொருளே இல்லாமல் போயிருக்கும். கடைசியில் யாரையும் வெளியேற்றாமல் மூவரையும் இறுதிச் சுற்றுக்கு அனுப்பினார்கள்.

30 டிசம்பர் 2024

நேற்றைய கணக்கில் பிழை. காலையில் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சேம்பர்ஸுக்கு 2 புள்ளி கிடைத்திருந்தால், மக்கள் வாக்கில் முதலிடம் வந்து 3 சேர்த்து 5 ஆகியிருப்பார். மற்ற இருவருக்கும் 5, 4. அப்போது தப்பும் வழி இருந்திருக்கும். முதலிடத்தை இருவர் பகிர்ந்துகொண்டதால் இரண்டாம் இடம் காலியாகி, அவருக்குக் கிடைத்தது 1 புள்ளி மட்டுமே. மக்களிடம் முதலிடம் பெற்றாலும் 1, 3 சேர்ந்து 4. மற்ற இருவரில் ஒருவருக்கு 5, இன்னொருவருக்கு 4. எந்த வழியில் போட்டாலும் அவர் கடைசி இருவருக்குள் வந்துவிடுகிறார். ஒரே ஒரு புள்ளியில் எல்லாம் மாறிவிடுகிறது.

இறுதிச் சுற்றில் அந்த டாம் சேம்பர்ஸ்தான் வென்றார்.

4 ஜனவரி 2025

அமெரிக்க நிகழ்ச்சியான டான்சிங் வித் த ஸ்டார்ஸ் பற்றி ஒருவர் நினைவூட்டினார். 2018இல் பாபி போன்ஸ் வென்றபோது எழுந்த கொந்தளிப்பை மறக்க முடியாது. ஹுவான் பாப்லோ டி பாசே அரையிறுதியில் முழு மதிப்பெண் வாங்கிய அதே இரவில் வெளியேறினார். நடுவர்களிடம் குறைந்த மதிப்பெண்ணோடு வந்துகொண்டிருந்தவர் கோப்பையைத் தூக்கினார். அடுத்த பருவத்தில் விதி மாறியது: கடைசி இருவரில் யாரைக் காப்பாற்றுவது என்பதை நடுவர்கள் முடிவு செய்வார்கள் என்று கொண்டுவந்தார்கள்.

பாபி போன்ஸின் ஆட்டங்களையும் ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தேன். உற்சாகம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் முதல் வாரத்தில் இருந்த கால் பிழைகள் இறுதி வாரத்திலும் பெரும்பாலும் அப்படியே இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஆகவே "மக்கள் எப்போதும் சரியாகவே வாக்களிப்பார்கள்" என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மெக்காஸ்லண்டையும் அவரையும் ஒரே வரியில் வைத்துப் பேசுவதைத்தான் மறுக்கிறேன்.

பிரிட்டனில் 2008இல் ஜான் சார்ஜென்ட் இதே போலக் குறைந்த மதிப்பெண்ணோடு மக்கள் வாக்கால் தொடர்ந்தபோது, தாம் வென்றுவிடக்கூடும் என்ற அச்சத்தைச் சொல்லித் தாமே விலகிக்கொண்டார். தமக்கு எவ்வளவு ஆடத் தெரியும் என்பதை அவர் சரியாக அறிந்து வைத்திருந்தார். அந்தத் தெளிவின் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

11 ஜனவரி 2025

ரும்பா பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்கு.

ஆண் பிரபலங்களில் மிகப் பலர் ரும்பாவில் சறுக்குகிறார்கள் என்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்கம்தான் காரணம் என்று சொல்லிவிடுகிறார்கள். வெட்கம் உண்டு, வேகமின்மைதான் பெரிய காரணம். போட்டி விதிப்படி ரும்பா நிமிடத்துக்கு 25 முதல் 27 தாளக்கட்டுகள்; ஜைவ் 42 முதல் 44. ஜைவில் ஒரு பிழை கண் இமைப்பதற்குள் கடந்துபோய்விடும். ரும்பாவில் பிழை நின்று நம்மைப் பார்க்கும்.

இடுப்பை ஆட்ட வேண்டும் என்று நினைத்து இடுப்பை ஆட்டுகிறவர்களின் ரும்பா காணச் சகிக்காது. அங்கே இடுப்பு தானாக அசைய வேண்டும். விரல் பகுதியை முதலில் தரையில் பதித்து, குதிகாலை இறக்கி, முழங்காலை நேராக்கி, எடை முழுவதையும் அந்தக் காலின் மேல் ஏற்றினால் இடுப்பு தானே பக்கவாட்டில் போய்ச் சேரும். எங்கள் ஆசிரியர் என்னைச் சுவரோரமாகக் காலுறையோடு நிற்கவைத்து, ஓர் அடிக்கு நான்கு எண்ணிக்கை என்று மூன்று வாரங்கள் நடக்கவைத்தார். பாட்டு கிடையாது. இடுப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் முழங்கால் நேரானதும் இடுப்பு மெல்ல நகர்ந்தபோது, அது நான் செய்த அசைவே இல்லை என்பது போல இருந்தது. அவர் பார்த்துவிட்டு, "இப்போது கையைத் தூக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அதனால் ஒரு பிரபலத்தின் ரும்பாவைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது பின்னங்காலை. அது வளைந்தபடியே இழுபட்டு வந்தால், மேலே எவ்வளவு உருக்கமான முகம் இருந்தாலும் எனக்கு அது ரும்பா ஆகாது.

12 ஜனவரி 2025

சேர்க்க மறந்தது: ஒரே வாரத்தில் இதைக் கற்க வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மூன்று வாரங்கள் ஆயின என்பதை நினைவில் வைத்துக்கொண்டு என் கண்டிப்பைப் படியுங்கள்.

19 ஜனவரி 2025

ஸ்டிரிக்ட்லி நடுவர் கிரெய்க் ரெவல் ஹார்வுட் கல்நெஞ்சர் என்று பலர் எழுதியிருப்பதைப் படித்தேன். பல ஆண்டுகள் நானும் அப்படியே நினைத்தேன். 2004ஆம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் குவென்டின் வில்சனின் சா-சா-சாவுக்கு நான்கு நடுவர்களும் சேர்ந்து கொடுத்தது 40க்கு 8. அதில் கிரெய்க் கொடுத்தது 1. அதே பருவத்தின் இறுதிச் சுற்றில்தான் ஜில் ஹாஃப்பென்னியின் ஜைவுக்கு நிகழ்ச்சியின் முதல் 40 கிடைத்தது. ஒன்றும் கொடுத்து, பத்தும் கொடுத்த அளவுகோல் அது. 8 என்ற எண் சாத்தியமாக இருந்ததால்தான் 40 என்ற எண்ணுக்கு அவ்வளவு எடை வந்தது.

காலஞ்சென்ற நடுவர் லென் குட்மன் அன்போடு 7 கொடுத்துக்கொண்டே இருந்தார் என்று அவரைக் குறை சொன்னதுண்டு. இப்போது பழைய பதிவுகளைப் பார்த்தால் அவருடைய 7 சோம்பலில் வந்தது அல்ல என்று தோன்றுகிறது. அவர் காலைப் பார்த்தார். குதிகால் படாத ஃபாக்ஸ்ட்ராட்டுக்கு, அரங்கம் எவ்வளவு ஆர்ப்பரித்தாலும், அவர் முகம் மலராது.

12 மே 2025

நான்கு மாதங்களுக்குப் பிறகு இழையைத் திறக்கிறேன். மெக்காஸ்லண்டும் டயானும் ஆடிய வால்ட்ஸுக்கு, பிரிட்டிஷ் திரை, தொலைக்காட்சி விருதுகளான பாஃப்டாவின் 'மறக்கமுடியாத தருணம்' விருது நேற்று கிடைத்திருக்கிறது. பொதுமக்கள் வாக்கில் தரப்படும் விருது. 2022இல் இதே போன்ற விருது, காது கேளாத நடிகை ரோஸ் அய்லிங்-எல்லிஸும் கலைஞர் ஜொவானி பெர்னிச்சேயும் ஆடிய ஆட்டத்துக்குக் கிடைத்தது. பாட்டு சில நொடிகள் நின்றுபோக, இருவரும் அந்த மௌனத்திலும் ஆட்டத்தைத் தொடர்ந்த தருணம் அது.

அந்த மௌனத்தை அன்று வியப்போடு பார்த்தேன். இன்று வேறொன்று தெரிகிறது. ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்பது என் சொந்த முறை என்று இந்த இழையின் தொடக்கத்தில் எழுதினேன். அந்தச் சில நொடிகளில் நாடே அப்படித்தான் பார்த்தது. பாட்டு நின்ற பிறகும் இருவரின் எடை மாற்றமும் ஒரே கணத்தில் நிகழ்கிறது. தாளம் அரங்கில் இல்லை, அவர்களுக்கு இடையே இருக்கிறது. அதே பருவத்தில் ஆறாவது வாரத்திலேயே ரோஸின் டாங்கோவுக்கு 40 கிடைத்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டாங்கோவில் ஏற்ற இறக்கம் கிடையாது. முழங்கால் வளைவைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். பார்க்கிறவரின் நெகிழ்ச்சி அந்த வளைவைத் தாங்கிப் பிடிக்காது.

13 மே 2025

இழையைத் தொடங்கியவர் மீண்டும் வந்திருக்கிறார். ஒலியை அடைத்துவிட்டு வால்ட்ஸை மூன்று முறை பார்த்ததாகவும், எடை மாற்றத்தைப் பற்றி நான் சொன்னதை ஏற்பதாகவும், ஆனால் முன்வைக்கும் அடிகளில் பல இடங்களில் குதிகாலுக்குப் பதிலாகப் பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படுவதாகவும் எழுதியிருக்கிறார்.

அதைப் படித்தபின் இன்னொரு முறை பார்த்தேன், இந்த முறை காலணியை மட்டும். அவர் சொன்னது சரி. முதல் எண்ணிக்கையில் குதிகால் தெளிவாக விழும் இடங்கள் இருக்கின்றன. திருப்பத்துக்குப் பின்வரும் அடிகளில் பாதம் தட்டையாகிவிடுகிறது. டிசம்பரில் எனக்கு இது கண்ணில் படவில்லை. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை உடல் மறுபடி உறுதிசெய்துகொள்ளும் இடங்கள் அவை. கண்ணை மூடிய அன்று என் அடி சுருங்கியதும் திருப்பத்துக்குப் பிறகுதான் மிக மோசமாக இருந்தது. காரணம் புரிகிறது என்பதால் பிழை பிழையில்லாமல் போய்விடாது. நான் நடுவராக இருந்திருந்தால் அந்த அடிகளுக்காக ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். தொலைபேசியை எடுத்து மெக்காஸ்லண்டுக்கே வாக்கும் அளித்திருப்பேன்.